பின்கியரில் ஓர் உழவு

"அந்த இரும்புக் கழுதை சொந்தக் காலால நடந்து கொட்டகைய விட்டு வெளிய வந்து, ஒரு சால் ஓட்டிட்டா நிலம் உன்னுது. இல்லைன்னா ஜல்லி கொட்டி வேன் நிறுத்துற இடமா மாத்திடுவேன். லாரிக்காரன்கிட்ட மாசக் கடைசிக்குச் சொல்லியாச்சு."

தையல்காரியின் கணவனுடைய அண்ணன் இதைக் கூடத்தின் நடுவில் நின்று, குடும்பம் முழுவதும் கேட்கச் சொன்னார். அவள் ஒரு சட்டைக் காலரைத் திருப்பி ஊசி குத்திக்கொண்டிருந்தாள், வேலையை நிறுத்தவில்லை.

"ஒரு சால் போதுமா அத்தான்? அப்புறம் ரெண்டுன்னு சொல்லக் கூடாது."

"முதல்ல அது தும்மட்டும்மா. அப்புறம் சாலைப் பத்திப் பேசுவோம்."

வீட்டின் பின்னால் இருந்த அந்த நிலம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. ஆனால் அண்ணன் பேசினால் தம்பி தலையாட்டிவிடுவான். ஆட்டி முடித்த பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்று யோசிப்பான். அன்றும் அப்படியே ஆட்டினான். தையல்காரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தலை பாதியில் நின்றது. அது ஒப்புதலா மறுப்பா என்று யாருக்கும் விளங்கவில்லை.

அவர் இரும்புக் கழுதை என்ற அந்த டிராக்டர் வந்த கதை இது. ஊர் ஓரத்தில் இருந்த நாற்றுப் பண்ணை மூடப்பட்டபோது, நிழல்வலை வாங்கலாம் என்று அவள் போயிருந்தாள். பண்ணையின் பின்புறம், இடுப்பளவு உயரத்தில், ஸ்டியரிங் வளையத்துக்குள் கொடி புகுந்து பூத்திருக்க, ஒரு சின்ன டிராக்டர் நின்றது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், தகரத்தில் அடித்த இருக்கை, பின்னால் துருவேறிய ஒற்றைக் கலப்பை. பழைய இரும்பு எடுப்பவர் அதன் கழுத்தில் கேஸ் கட்டரை வைக்கப் போனார்.

"நிறுத்துங்க. அதை வெட்டாதீங்க."

"ஏம்மா, இதுக்குள்ள உயிரா இருக்கு?"

"இல்லைன்னு நீங்க தொறந்து பாத்தீங்களா?"

அவர் திறந்து பார்த்திருக்கவில்லை. லாரிக்குக் கிழியாத தார்ப்பாய் ஒன்று தைத்துத் தருவதாக அவள் சொன்னதும் கட்டரை அணைத்தார். தள்ளுவண்டியில் ஏறி டிராக்டர் வீடு வந்த நாளில், அண்ணனின் மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"என்னடி இது? கல்யாணச் சீரா?"

"ஆமாக்கா. லேட்டா வந்துருக்கு."

கொட்டகையில் வேலை தொடங்கியது. காற்று வடிகட்டிக்குள் குளவி மண் கூடு கட்டியிருந்தது. கார்புரேட்டரின் அடியில் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி இறுகிக் கிடந்தது. பிஸ்டனோ சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. மண்ணெண்ணெயையும் எஞ்சின் ஆயிலையும் கலந்து, ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஊற்றி ஊறவிட்டாள். காலையில் துணி உலர்த்திவிட்டு வரும்போதெல்லாம் எஞ்சினைச் சுழலவைக்கும் ஃப்ளைவீல் சக்கரத்தைப் பிடித்து ஒரு தள்ளு. அசையவில்லை. மறுபடி ஊற்றினாள்; மறுநாளும் ஒரு தள்ளு. ஒரு காலை அது மயிரிழை நகர்ந்தது. நகர்ந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், நகர்ந்ததா என்று பார்க்க ஒரு கூட்டம் வந்து, தள்ளிப் பார்த்து, எதையாவது உடைத்துவிட்டுப் போகும்.

எஞ்சினை அவள் வழிக்குக் கொண்டுவந்தாள். தையல் இயந்திரத்தில் ஊசி இறங்கும் கணமும் கொக்கி வரும் கணமும் ஒத்துப்போக வேண்டும் என்பது அவள் கைக்குத் தெரியும். தீப்பொறி எப்போது வர வேண்டும் என்பதைச் சரிசெய்ய அந்தக் கை போதுமானதாக இருந்தது. பின்சக்கரங்களைச் சுழற்றும் பின்னச்சுப் பெட்டியில் எண்ணெய் ஒழுகியதால் அதையும் பிரித்தாள். கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணி விரித்து அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் தையல் சாக்குக்கட்டியால் இடது, வலது என்று குறியிட்டாள். துடைத்து, புதுச் சீல் போட்டு, கடைசியில் கழற்றியதிலிருந்து தொடங்கி வரிசையாகத் திரும்ப மாட்டினாள். ஒரு போல்ட் கூட மீதியில்லை.

கணவன் கதவோரம் நின்று பார்ப்பான்.

"ஏதாவது பிடிக்கணுமா?"

"உங்க அண்ணன் பேசும்போது தலையைப் பிடிச்சுக்குங்க. அது போதும்."

லாரி சொன்ன நாளில், சொன்ன காலையில் வந்தது. ஓட்டுநர் வாசலில் நிறுத்தி, எங்கே கொட்டுவது என்று குரல் கொடுத்தார். அண்ணன் நிலத்தின் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ராஜா மாதிரி கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார்.

"இருப்பா. வீட்ல ஒரு வேடிக்கை இருக்கு. முடிஞ்சதும் கொட்டலாம்."

தையல்காரி கயிற்றைச் சுற்றி இழுத்தாள். எஞ்சின் இருமியது. மறுபடி இழுத்தாள். கரும்புகை கக்கி, கொட்டகைக் கூரை அதிர, அது பிடித்துக்கொண்டது. அண்ணனின் கால்மேல் இருந்த கால் கீழே இறங்கியது. அவள் இருக்கையில் ஏறி, கிளட்சை மிதித்து, முதல் கியரில் போட்டு, காலை எடுத்தாள்.

டிராக்டர் பின்னால் பாய்ந்தது. கொட்டகையின் பின் தகரம் பெரிய ஓசையோடு வெளியே புடைத்தது. எஞ்சின் அணைந்தது.

லாரி ஓட்டுநர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். அண்ணனுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

"வெளிய வரச் சொன்னா, வெக்கப்பட்டு உள்ள போகுதே! போதும்மா, இறங்கு. அடி படப்போகுது."

அவள் இறங்கவில்லை. கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. மனம் மட்டும் பின்னச்சுப் பெட்டிக்குள் போய்வந்தது. அதற்குள் ஒரு பெரிய பற்சக்கரம் உண்டு. சிறிய பற்சக்கரத்தின் இந்தப் பக்கம் அது அமர்ந்தால் வண்டி முன்னே போகும்; அந்தப் பக்கம் அமர்ந்தால் பின்னே போகும். தையல்காரர்கள் துணியின் உள்பக்கத்தில்தான் குறி போடுவார்கள், வெளியே தெரியக் கூடாது என்பதற்காக; தைக்கும்போது புரட்டிக்கொள்வார்கள். பற்சக்கரத்தையும் அவள் கை, சட்டைக் கையைப் புரட்டுவது போல இடது வலதாகப் புரட்டியே மாட்டியிருக்கிறது. தவறு தன்னுடையதுதான். இன்றைக்குப் பெட்டியைத் திறக்க நேரமில்லை. அப்படியானால்...

கீழே குதித்து, கயிற்றை மறுபடி சுற்றி இழுத்தாள். எஞ்சின் பிடித்ததும் இருக்கையில் ஏறிப் பின்கியரைப் போட்டாள்.

டிராக்டர் முன்னே நகர்ந்தது. கொட்டகை வாசலைத் தாண்டி வெயிலுக்கு வந்தது. கலப்பையை இறக்கினாள்; இறுகிக் கிடந்த மண் முனகிக்கொண்டே பிளந்தது. பின்கியருக்கு வேகம் கிடையாது. ஆனால் முரட்டு இழுப்பு இருந்தது.

அண்ணன் எழுந்து ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"நிறுத்து! அது பின்கியர். பின்கியர்ல முன்னால போறது கணக்குல வராது!"

"எந்தக் கியர்னு நீங்க சொல்லலையே அத்தான்."

"ஊர் சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். நான் உழுதுட்டு வந்து சேந்துக்கறேன்."

அவள் நிறுத்தவில்லை. வண்டி ஆமை வேகத்தில் வந்தது. அவரும் வழிவிடாமல், கையை ஆட்டிக்கொண்டே ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினார். நிலத்தின் நடுப்பகுதி வரை இருவரும் அப்படியே போனார்கள். அப்போது கதவோரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணே, வழி விடு."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். தம்பிதான். தலை ஆடவில்லை.

"என்னடா சொன்ன?"

"அவ ஒரு சால் ஓட்டுறா. நீதான் சொன்ன. நாங்க எல்லாரும் கேட்டுட்டுதான் இருந்தோம். தள்ளிக்க."

அண்ணன் ஆட்டிய கையை இறக்கினார். வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினார். தையல்காரி மதில்வரை ஓட்டினாள். ஒரு சால் என்ற நிபந்தனை அங்கே முடிந்தது; அவள் முடிக்கவில்லை. வளைத்துத் திருப்பி, முதல் சாலுக்கு ஒட்டி, நூல் பிடித்தாற்போல இரண்டாம் சால் போட்டாள்.

"அம்மா, ஜல்லிய நான் என்ன பண்ண?" என்று ஓட்டுநர் கத்தினார்.

"கொண்டு வரச் சொன்னவரையே கேளுங்க!"

அண்ணன் ஓட்டுநரைப் பார்க்கவில்லை. போ என்று கையை மட்டும் அசைத்தார். லாரி முனகிக்கொண்டு திரும்பிச் சென்றது.

அண்ணனின் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புதிதாகப் புரண்ட மண்ணில் இறங்கினாள். ஒரு கட்டியை எடுத்து விரல்களால் நசுக்கிப் பார்த்தாள்.

"ஏண்டி, அந்த மூலை எனக்கு. கத்திரி போடப்போறேன்."

"தாராளமா போடுங்கக்கா. முதல்ல உங்க வீட்டுக்காரர் நாற்காலிய எடுக்கச் சொல்லுங்க. மூணாவது சால் அதுமேலதான் போகுது."

அவர் எடுத்தார்.