செவ்வாய்க்கிழமை ஊளை

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மரண தெய்வமான கிசின் ஹல்துன் கிராமத்துக்கு வந்து, நெமேசியோவின் வீடு எது என்று கிணற்றடியில் விசாரித்தார். காலில் சலங்கை, தோளில் ஆந்தை, மேலெல்லாம் அழுகிய கொய்யா நாற்றம். பெண்கள் கைநீட்டிக் காட்டினார்கள். வழி கேட்டவருக்குச் சொல்லாமலிருப்பது அந்த ஊரில் மரியாதையில்லை. தேனீ வளர்க்கும் நெமேசியோ பன்னிரண்டு நாள் காய்ச்சலோடு இரு தூணுக்கிடையே கட்டிய கயிற்றுத் தூளியில் கிடந்தார். சலங்கைச் சத்தம் கேட்டதும் அவர் மனைவி கசில்தா, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பழைய உபாயப்படி, வாசலில் நின்று ஊளையிட்டாள். தன் அடியாள் ஒருவன் உள்ளே ஏற்கெனவே யாரையோ வதைக்கிறான் என்று நினைத்துக் கிசின் திரும்பிப்போனார். மாலைக்குள் காய்ச்சல் இறங்கியது.

ஆனால் அடுத்த செவ்வாயும் வந்தார். அதற்கடுத்த செவ்வாயும். பதினான்கு வருடம் கசில்தா ஊரைவிட்டு நகரவில்லை. தங்கை கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. திங்கட்கிழமையே அவளுக்கு உட்கார முடியாமல் போய்விடும். அடுப்புக்கும் வாசலுக்குமாக நடப்பாள், பீன்ஸ் தீய்ந்துபோகும். "அக்கா, இன்னிக்கு சுருதி கம்மி, வீட்டுக்காரரு பத்திரம்!" என்று பக்கத்து வீட்டு வெனான்சியா வேலிக்கு மேலே கத்துவாள்.

"போதும்டி, ஊரே சிரிக்குது. செத்தாலாவது நிம்மதியாத் தூங்குவேன்" என்பார் நெமேசியோ.

"நீங்க தூங்கிடுவீங்க. நான் யாரோட சண்டை போடுறது?"

பதினைந்தாம் வருடம் மழைக்காலத்தில் கசில்தாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. குரல் நூலாகிப் படுத்துவிட்டாள். அந்தச் செவ்வாய் கிசின் கிணற்றடியில் கசில்தாவின் வீடு எது என்று கேட்டார். பெண்கள் அதே வீட்டைக் காட்டினார்கள். கொல்லையில் தேன் எடுத்துக்கொண்டிருந்த நெமேசியோ, சலங்கை வாசலில் நின்றதையும் ஊளை வராததையும் சேர்த்துக் கேட்டார். தேனீக்களுக்குச் சத்தம் ஆகாதென்று ஆயுள் முழுக்க மெல்லப் பேசியவர், உள்ளே ஓடி, தேன் வழியும் கையால் அவளைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு வந்ததில் கூரையின் பனையோலை நான்கு விழுந்தது. கிசின் காதைப் பொத்திக்கொண்டு வந்த வழியே ஓடினார். ஆந்தை அவருக்கும் முந்திப் பறந்துவிட்டது.

"இவ்ளோ தொண்டைய வச்சுக்கிட்டா பதினாலு வருஷம் சும்மா இருந்தீங்க?" என்றாள் கசில்தா, காற்றாய்.

இப்போது ஒரு வாரம் அவள், ஒரு வாரம் அவர். கிசின் எந்தப் பெயரைக் கேட்டாலும் பெண்கள் வழி காட்டுகிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் அந்த வீட்டில் மதியச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகும். விருந்தாளிகள் அதற்கேற்றபடி வருகிறார்கள்.