ஒரு சிப்பில் ஓடும் பள்ளிக்கூட மணி

கொழும்பு வெள்ளவத்தையில் நிலாமின் பட்டறையில் வெகு காலமாகப் பள்ளிக்கூட மணி செய்து கொடுத்தவன் உலகப்பன். பாடம் முடிந்ததும் தானாக அடிக்கும் மணி அது. அகலமான பலகையில் இருபது முப்பது சிப்புகளை நெருக்கிப் பற்றவைத்தால்தான் அவனுடைய மணி அடிக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த நேசமலர் அதையே ஒரே சிப்பில் செய்துவிட்டாள். மீதி வேலையெல்லாம் அந்தச் சிப்புக்குள் அவள் எழுதி ஏற்றிய புரோகிராம் பார்த்துக்கொண்டது. உள்ளங்கையில் அடங்கும் போர்ட், சிவப்பாக எரியும் நாலு இலக்கம், கரண்ட் போனாலும் நேரம் தவறாதிருக்க ஒரு பற்றரி. அவ்வளவுதான்.

"உலகப்பன், இனி எல்லா ஸ்கூலுக்கும் இந்தப் புள்ளட போர்டையே குடுப்பம். நீங்க பெட்டிய மட்டும் பாருங்க" என்றார் நிலாம்.

பெட்டி பார்ப்பதென்றால் தகரத்தில் துளை போடுவது. உலகப்பனுக்கு வயிறு பற்றி எரிந்தது. அவள் இல்லாத நேரம் பார்த்து அந்தப் போர்டை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பிழை தேடினான். ஒரு குறையும் அகப்படாததுதான் அவனை இன்னும் வதைத்தது. அவளோ எதற்கெடுத்தாலும் "அண்ணை, அண்ணை" என்று அவனிடமே வந்து நின்றாள். அதுவும் அவனுக்கு நடிப்பாகவே பட்டது.

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. மணியை வெளியே கொண்டுபோகும்போது பற்றரியைக் கழற்றி வேறாகக் கட்டுவார்கள். பற்றரியும் வயரும் ஓடுகிற நேரமுமாக ஒரு பெட்டியைத் தமிழர் கையில் கண்டால் சோதனைச்சாவடியில் குண்டு என்றுதான் நினைப்பார்கள், போர்க்காலம் அப்படி. வழக்கமாக நிலாமே தன் வான் வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பார்; அதனால் அந்தப் பழக்கம் நேசமலருக்குத் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். நுகேகொடைப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் மேல் போன் வரவே, நேசமலர் தானே ஓட்டோவில் புறப்பட்டாள்.

"றேடியோவைக் கேட்டுச் சரியா நேரம் வச்சிட்டன் அண்ணை. அங்க போய்ச் சுவரில பூட்டினாச் சரி" என்றாள்.

பெட்டியின் இடுக்கில் சிவப்பு இலக்கங்கள் எரிவதை உலகப்பன் பார்த்தான். பற்றரியைக் கழற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். "கவனமா போய்ட்டு வாம்மா" என்று மட்டும் சொன்னான்.

சாவடியில் அவளைக் கொஞ்ச நேரம் மறித்து வைக்கட்டும் என்பதுதான் அவன் கணக்கு. பிறகு தான் போய், கொழும்பில் பிறந்தவன் என்று அடையாள அட்டையைக் காட்டி, சிங்களத்தில் நாலு வார்த்தை பேசி அவளை மீட்டு வருவான். பட்டறையில் யார் பெரியவன் என்று நிலாமுக்கும் விளங்கும். அந்த நினைப்பு தந்த சந்தோஷத்தில் சைக்கிளை எடுத்தான்.

பாமன்கடைச் சோதனைச்சாவடியில் ஓட்டோ ஓரமாக நின்றது. மணல் மூட்டையின் மேல் பெட்டி திறந்து கிடந்தது. நேசமலர் கைகளை உயர்த்தியபடி நின்றாள். வெடிமருந்து இல்லை என்று பார்த்துவிட்டார்கள். ஆனால் இப்படியொன்றைச் செய்யத் தெரிந்தவர் யார் என்று அதிகாரி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

உலகப்பனைக் கண்டதும் அவள் முகத்தில் உயிர் வந்தது. பள்ளிக்கூட மணி என்றால் அவளுக்கு அது உலகப்பன் அண்ணையின் மணிதான். தான் அதைச் சுருக்கியவள், அவ்வளவே. தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், இந்த அண்ணைதான் செய்தவர், அவரைக் கேளுங்கள் என்று கை காட்டினாள்.

துப்பாக்கிகள் அவன் பக்கம் திரும்பின. அந்தப் போர்ட் உன்னுடையது என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று அவன் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறான். இப்போது அவளே சொல்லிவிட்டாள். ஆம் என்று சொல்லியிருக்கலாம். பட்டறையின் பெயரைச் சொல்லி, நிலாமை வரவழைத்து, இருவரும் பொழுது சாயுமுன் வீடு போயிருக்கலாம். அவன் சைக்கிளோடு ஓரடி பின்வாங்கினான்.

"மம நெமெய், மஹத்தயா. மெயா தனியம ஹெதுவே" என்றான். நானில்லை ஐயா, இவள்தான் தனியாகச் செய்தாள்.

அந்தளவு சிங்களம் நேசமலருக்கும் விளங்கும். உயர்த்திய கையை இறக்காமல் அவனைப் பார்த்தாள்.

அதிகாரி குனிந்து போர்டைப் பார்த்தான். இவ்வளவு சின்னதாகவா, இவள் ஒருத்தியாகவா என்று பக்கத்தில் நின்றவனிடம் கேட்டான். அந்தக் குரலில் சந்தேகத்தோடு வியப்பும் இருந்தது. அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், அந்த வியப்பைக் கேட்டு உலகப்பனுக்கு வயிறு எரிந்தது.