கட்டுகஸ்தோட்டை முகவரி

"மொதல்ல தோட்டத்து அட்ரஸ வெட்டுவோம்" என்றார் பளீல் நானா. கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் டைப்பிங்கும் போட்டோ கொப்பியும் செய்கிற கடை அவருடையது. வேலைக்கு அனுப்ப சீவி என்கிற சுயவிவரம் அடிக்க வந்திருந்த லக்ஸ்மனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் வீடு தூரத்தில், தெல்தோட்டையில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில்.

"அடுத்து எத வெட்டுவீங்க? என் பேரயா?"

"கோவிக்காதீங்க மகன். லயம் எண்டு மேல கண்டா அவங்க கீழ வாசிக்கவே மாட்டாங்க. என்ட கடை அட்ரஸப் போடுங்க. எத்தின புள்ளைகளுக்கு அப்பிடி இன்டர்வியூ வந்தீக்குது தெரியுமா?"

பேக்கரியில் இரண்டு வருடம் இரவு வேலை பார்த்ததையும் வெட்டினார். மாவு பிசைந்தவனைக் கண்டிக் கம்பெனியில் களஞ்சியம் பார்க்கிற ஸ்டோர்ஸ் வேலைக்கு எடுப்பார்களா என்று கேட்டார். அந்த இடத்தில் 'குழுவாக இணைந்து செயற்படும் ஆற்றல்' வந்து உட்கார்ந்தது.

பேக்கரியை மூடிவிட்டார்கள். வேலை இல்லாவிட்டால் மறுபடி தோட்டத்துக்குள்ளேயே முடங்க வேண்டும். லக்ஸ்மன் அதையே கம்பெனிக்கு அனுப்பினான்.

உள்ளதை எழுதி அதே கம்பெனிக்கு அவன் முன்பே அனுப்பிப் பார்த்திருந்தான். ஒரு பதிலும் வரவில்லை. இதற்கு அந்த வாரமே அழைப்பு வந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அவனுக்கு யாரையாவது அறைய வேண்டும் போல் இருந்தது.

கண்டியில் நேர்முகம். மனேஜர் கபிரியேல் சீவியைப் பார்த்துத் தலையாட்டினார்.

"பக்கத்துலதான் இருக்கீங்க. நல்லது. விடிய ஆறு மணி ஷிஃப்டுக்கு வந்து சேர்றதுதான் எல்லாருக்கும் பிரச்சின. திங்கக்கெழம வாங்க. கிராம சேவகர் சான்றிதழ் மட்டும் கொண்டுவாங்க."

இந்த ஆள் இந்த முகவரியில்தான் இருக்கிறான் என்று கிராம சேவகர் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டுகஸ்தோட்டையில் யார் கொடுப்பார்? பளீல் நானா அத்தனை பேருக்கு இன்டர்வியூ வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று அவர் கேட்டதில்லை. இவனும் யோசிக்கவில்லை.

"சேர், அது டைப் பண்ணுன கடை அட்ரஸ். நான் தெல்தோட்டை. வேல கெடச்சா இங்கயே ரூம் எடுப்பேன். பேக்கரியில ரெண்டு வருஷம் அப்புடித்தான் இருந்தேன். ஒரு நாள் பிந்துனதில்ல."

"பேக்கரியா? இதுல இல்லையே."

"வெட்டிட்டோம்."

கபிரியேல் பேனாவை மூடினார். "ஸ்டோர்ஸ் பொறுப்பான எடம் தம்பி. கடதாசியிலயே பொய் சொல்ற ஆள எப்புடி எடுக்கிறது?"

"உண்மைய எழுதியும் அனுப்புனேனே, அத வாசிச்சீங்களா?"

"தோட்டம்னு நான் யாரையும் ஒதுக்கிறதில்ல. நானும் தோட்டத்துல பொறந்தவன்தான்."

"அப்ப நீங்க வேலைக்கு எழுதிப் போட்டப்ப எந்த அட்ரஸப் போட்டீங்க?"

கபிரியேல் மூடியிருந்த கதவைப் பார்த்தார்.

"கோயில் அட்ரஸ்" என்றார் மெதுவாக. "ஃபாதர் போடச் சொன்னாரு." உடனே குரல் மாறியது. "அதுக்காக ஒங்கள எடுக்க ஏலாது. மேல கேப்பாங்க."

லக்ஸ்மன் நன்றி சொல்லாமல் எழுந்தான். கதிரை பின்னால் சுவரில் மோதியது. பஸ் ஏறி நேரே கட்டுகஸ்தோட்டைக்குப் போனான்.

"நானா, புதுசா ஒண்ணு அடிங்க. மேல லயத்து நம்பர். அதுக்குக் கீழ பேக்கரி, நைட் ஷிஃப்ட்."

"கூப்பிட மாட்டாங்க மகன்."

"கூப்பிடாதவன் என்னைய உக்கார வச்சுப் பொய்க்காரன்னு சொல்ல மாட்டான். அடிங்க."