மெதுவாக, ஒரே மூச்சில்

என் நாத்தனாருக்கு நாற்பது வயதாகப் போகிறது. வீட்டில் இன்னும் பாப்பாதான். பாப்பா சாக்ஸபோன் வாசிப்பாள், நான் பியானோ. நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து விரல்கள் மரத்துப்போன பிறகு, நான் அவளோடு உட்கார வேண்டும். நாங்கள் பழகுவது, இந்தக் காலத்துக்காரர் ஒருவர் இரண்டு வாத்தியங்களுக்குமாக எழுதிய சொனாட்டா என்ற மேற்கத்திய உருப்படி. பேருக்குத்தான் இருவருக்கும் சரிபாதி. வேர்வை எனக்கு, கைதட்டல் அவளுக்கு. ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரர் இன்னமும், "என்ன, சுருதி சேத்து முடிச்சாச்சா? எப்ப வாசிக்கப் போறீங்க?" என்கிறார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்ள அதில் ஒரு மெட்டுகூடக் கிடையாது.

இசைக் கல்லூரியில் பாப்பா வருடக்கணக்காகத் தற்காலிக ஆசிரியை. இப்போது நிரந்தர இடம் ஒன்று காலியாகியிருந்தது. தேர்வுக் குழுவின் முன் வாசித்துக் காட்ட இந்தச் சொனாட்டாவைத்தான் கொடுத்திருந்தார்கள். அதன் இரண்டாம் பகுதியில் சாக்ஸபோனுக்கு ஒரு நீண்ட வரி வரும். அதற்கு மேலே 'மெதுவாக, ஒரே மூச்சில்' என்று எழுதியே வைத்திருக்கிறார் அந்தப் புண்ணியவான். போன வருடமென்றால் பாப்பாவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. நடுவில் நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தபோது அவள் மூச்சு, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக இருந்தது.

முதல் தடவை, வரியின் பாதியிலேயே மூச்சு அறுந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அந்த இடம் வந்ததும் கொஞ்சம் வேகம் கூட்டினேன், அவளுக்குத் தெரியாத அளவுக்கு. அங்கே வேகத்தைப் பிடித்திருப்பது பியானோதான். சாக்ஸபோன் அதன் மேல் ஏறிப் போகும். வரியை முடித்துவிட்டாள்.

"பாத்தீங்களா அண்ணி! மூச்சு திரும்ப வந்துருச்சு!"

"வராம எங்க போகும்?" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அதன் பிறகு தினமும் வேகம் கூட்ட வேண்டியதாயிற்று. அவள் அண்ணனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். டாக்டர் சொல்லியிருந்த மத்தியானத் தூக்கத்தை நிறுத்திவிட்டு, பழையபடி முழு நாளும் வகுப்பெடுக்கப் போனாள்.

தேர்வன்று கல்லூரித் தாழ்வாரத்து பெஞ்சில் காத்திருந்தோம். அவள் முறை வந்ததும் நானும் எழுந்தேன். கதவருகே நின்ற அலுவலர், "நீங்க வெளியவே இருங்கம்மா. எல்லாருக்கும் காலேஜ் பியானிஸ்ட்தான் வாசிப்பார்" என்றார்.

நான் வேகம் கூட்டி வந்ததை அவளிடம் சொல்லிவிடலாமென்று வாயெடுத்தேன். அவள் சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "யார் வாசிச்சா என்ன அண்ணி, எனக்குத்தான் மனப்பாடமாச்சே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மூடிய கதவை ஒட்டி நின்று கேட்டேன். முதல் பகுதி நன்றாகவே போயிற்று. இரண்டாம் பகுதியில் அந்தப் பியானிஸ்ட், எழுதியிருந்தபடியே மெதுவாக வாசித்தார். அவ்வளவு அழகாக நான் ஒருநாளும் வாசித்ததில்லை. வரியின் முக்கால்வாசியில் சாக்ஸபோன் நின்றது. பாப்பா மூச்சை இழுக்கும் சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது. அப்புறம் இருமல்.

வெளியே வந்தபோது அவளுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அந்தாளுக்குக் காலப்பிரமாணமே தெரியல அண்ணி! இழுத்து இழுத்து என்னைக் கொன்னுட்டாரு. நான் பிரின்சிபல்கிட்ட போய் அவரைப் பத்திச் சொல்லப் போறேன். உங்கள வச்சு இன்னொரு தடவை வாசிக்க விடட்டும்."

கிளம்பியேவிட்டாள். கையை எட்டிப் பிடித்தேன்.

"போகாத பாப்பா. அவர் சரியாத்தான் வாசிச்சார். தப்பா வாசிச்சவ நான். அந்த இடத்துல மட்டும் வேகமா ஓட்டிட்டேன், உனக்கு மூச்சு பத்தணும்னு."

"தினமுமா?"

"தினமும்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சாக்ஸபோனைக் கழற்றாமலே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அப்ப எனக்கு இன்னும் சரியாகல."

"ஆகலம்மா."

"சரியாயிருச்சுன்னு நெனச்சேன் அண்ணி. அதான், மாடி ஏறினா கண்ணு இருட்டுதுன்னு யார்கிட்டயும் சொல்லல. உடம்பு நல்லாயிருக்கிறவ இப்படிச் சோம்பல்படலாமான்னு எனக்கே என் மேல கோவம் கோவமா வரும்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "ரொம்பக் களைப்பா இருக்கு அண்ணி. எவ்வளவு நாளா களைப்பா இருக்கேன், தெரியுமா?"

தெரியவில்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சை அளந்துகொண்டிருந்தவளுக்கு அது தெரியவில்லை. என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. அவள் கழுத்துப் பட்டையை அவிழ்த்து சாக்ஸபோனை என் மடியில் வாங்கிக்கொண்டேன். என் தோளில் சாய்ந்தாள். அடுத்தவரைக் கூப்பிடக் கதவு திறந்தபோது தூங்கிப்போயிருந்தாள்.