மீனாம்பிகை எழுதிய பதிவு நிரல்

எண்பத்தாறாம் ஆண்டு உரும்பிராய்ப் பக்கத்து விவசாயிகள் சங்கமொன்று கம்ப்யூட்டர் வாங்கியபோது, அதற்கு நிரல் எழுத வந்தவள் மீனாம்பிகை. வெங்காயக் கொள்வனவு, உரம், சம்பளம் என்று எல்லா நிரலுக்கும் பொதுவாக அவள் ஒரு பதிவு நிரல் எழுதிவைத்திருந்தாள். மெஷின் எதைச் செய்தாலும் அது உடனே ஒரு வரி பதிந்துவிடும். கரண்ட் போனால், வேலை எந்த இடத்தில் நின்றது என்று அந்தப் பதிவுதான் சொல்லும். 'என்ரை கண்மணி' என்பாள் அதை. பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு செல்லம் கிடைத்திராது!

ஆயுத பூசைக்கு மறுநாள் கரண்ட் போய் வந்தது. பார்த்தால், பதிவில் அன்றைக்கு ஒரு வரியும் இல்லை. காலையில் அடித்த வெங்காயக் கணக்கில் எது ஏறியது, எது ஏறவில்லை என்று தெரியாமல் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

முகாமையாளர் ஆழ்வாப்பிள்ளைக்குக் கோபம் மூக்கின்மேல் வந்துவிட்டது. "உதைக் கழட்டிப் போடு பிள்ளை. மெஷின் வித்த கொழும்பார் தந்த பதிவு நிரல் சும்மாதானே கிடக்கு. பின்னேரம் அதைப் பூட்டுவம்."

மீனாம்பிகை மெஷின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ ஐயா."

நிரலை வரி வரியாகப் பார்த்தாள். பூசைக்கு முதல்நாள்வரை ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறது. அப்படியானால் பூசையன்று என்ன நடந்தது? பதிவு ஏறும் டிஸ்க்கை வெளியே இழுத்தாள். உறையில் சந்தனம், குங்குமம். விளிம்பில் பளபளவென்று ஒரு துண்டு சரிகைத்தாள். ஒட்டிய இடம்தான் அபாரம்! ஓரத்திலுள்ள சின்ன வெட்டை மூடினால் மெஷின் அந்த டிஸ்க்கை வாசிக்கும், அதில் எழுதவே எழுதாது.

"ஆர் ஐயா உதை ஒட்டினது?"

ஆழ்வாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "நான்தான். தராசுக்கு ஒட்டினன், டைப்ரைட்டருக்கு ஒட்டினன். இது மட்டும் என்ன பாவம் செய்தது எண்டு..."

வேறு யாராவது என்றால் தாளை உரித்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். மீனாம்பிகை போகவில்லை. டிஸ்க் எழுத மறுத்திருக்கிறது, கண்மணி மூச்சுக் காட்டவில்லை! எழுது என்று டிஸ்க்குக்குச் சொல்ல வைத்தாளே தவிர, எழுதியாயிற்றா என்று கேட்க வைக்கவில்லை.

"வாயிலை கொழுக்கட்டையோ வைச்சிருந்தனீ?" என்று திரையைப் பார்த்து ஏசினாள். ஏச்சு தனக்கும் சேர்த்துத்தான்.

மத்தியானச் சாப்பாட்டை மறந்து, டிஸ்க் மறுத்தால் வேலையை நிறுத்திக் கத்தும்படி சில வரிகள் சேர்த்தாள். பிறகு முகாமையாளரைக் கூப்பிட்டாள்.

"தாள் அப்பிடியே இருக்கட்டும் ஐயா. முதல் கொழும்பாரின்ரையைப் பாப்பம்."

கொழும்பு நிரல் ஓடியது. எல்லாம் எழுதியாயிற்று என்று திரையில் காட்டியது. டிஸ்க்கில் பார்த்தால் ஓர் எழுத்து இல்லை.

பிறகு தன்னுடையதை ஓடவிட்டாள். முதல் வரியிலேயே மெஷின் நின்று, பீப் பீப் என்று அறை அதிரக் கத்தியது. பக்கத்து அறையில் இருந்தவர்கள்கூட எழும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். மீனாம்பிகைக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

ஆழ்வாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். "கொழும்பாருக்கு எழுதுவம் பிள்ளை, தங்கடையைத் திருத்தச் சொல்லி."

"ஏன் ஐயா அவைக்கு வீண் கரைச்சல்?" என்றாள் மீனாம்பிகை. "என்ரையை அனுப்புவம்."