வெள்ளிக்கிழமை மாற்றிய பேட்டரி

மாதவராஜுக்கு அந்தக் காரின் மேல் இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பாலக்கோட்டில் தக்காளி மண்டி நடத்துகிற மனுஷன், பெட்ரோல் பாதி போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பெங்களூரில் ஓட்டித் தேய்த்த ஹைப்ரிட் காரை வாங்கிவந்தார். வந்த நாளிலிருந்து பிடித்தது சனி. பேட்டரி நாளுக்கு நாள் இளைத்து, ஒருநாள் தொப்பூர் கணவாயில் வண்டி நடுரோட்டில் நின்றுபோனது. தக்காளி விலை விழுந்ததற்கும், மகள் காவியாவுக்குப் பார்த்த இடம் தட்டிப்போனதற்கும்கூட அந்தக் கார்தான் காரணம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வரவில்லை.

அதனால்தான் பழைய நிக்கல் பேட்டரியைக் கழற்றிப் புதிய லித்தியம் பேட்டரி போடக் கலைவாணனைக் கூப்பிட்டபோது, நாளும் நேரமும் பார்த்துக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு இராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் புது பேட்டரிக்கு உயிர் வந்துவிட வேண்டும்.

கலைவாணன் ஓசூரில் தொழில் பழகி, தர்மபுரியில் ஒர்க்ஷாப் போட்டிருந்தவன். விடிந்தும் விடியாமலும் வந்து இறங்கினான். டிக்கியைத் திறந்ததும் முதல் வேலையாக, கைமுஷ்டி அளவிலிருந்த ஆரஞ்சு நிற பிளக்கின் லீவரை நிமிர்த்திப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இதப் புடுங்கிட்டா பேட்டரி நடுவுல அறுந்த மாதிரிங்கண்ணா. இது எங்கிட்ட இருக்கற வரைக்கும் எனக்குப் பயமில்லீங்க. புது பேட்டரிக்கும் இதே பிளக்தான்."

"எல்லாஞ் சரிப்பா, பத்தரைக்குள்ள சொருகிடணும்."

"வேல முடிஞ்சா சொருகிடலாங்க. முடியாம சொருகக் கூடாதுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனாலும் மாதவராஜுக்குச் சுருக்கென்றது. மண்டியில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

தகரக் கூரை போட்ட கார் ஷெட். வெயில் ஏற ஏற உள்ளே வெந்தது. பழைய பேட்டரி இறங்கி, புதியது பின்சீட்டுக்குப் பின்னால் ஏறியதும் கலைவாணன் சட்டையைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினான். பொடி நட்டுகளை முடுக்க ரப்பர் கையுறை இடைஞ்சலாக இருந்ததால் அதையும் கழற்றினான். பிளக்தான் வெளியே இருக்கிறதே. பின்கதவு வழியாக உடம்பை உள்ளே நுழைத்துக் குப்புறப் படுத்து வேலை பார்த்தான். கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

பத்தரை நெருங்கிவிட்டது. மாதவராஜின் மனைவி மணிமேகலை கற்பூரத்தட்டோடு வந்து நின்றாள். முடிந்ததா என்று கேட்டதற்கு, "இன்னுங் கொஞ்சந்தாங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அதே பதில்தான் அரைமணி நேரமாக வந்துகொண்டிருந்தது.

மாதவராஜுக்கு ஒரு யோசனை தோன்றியது. பூச்சுவேலை முடியாத வீட்டில் நல்ல நேரத்துக்குள் பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு, ஆறுமாதம் கழித்துக் குடிபோகிறவர்கள் இல்லையா? சாஸ்திரத்துக்குச் செய்தால் போதும். ஒரே ஒரு தடவை சொருகிவிட்டு உடனே எடுத்துவிடலாம். வண்டியை ஓட்டவா போகிறோம்?

ஆணியில் தொங்கிய சட்டையில் கைவிட்டு பிளக்கை எடுத்தார்.

"அந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க," என்றாள் மணிமேகலை.

"கேட்டா பாடம் எடுப்பான். நீ கற்பூரத்தக் கொளுத்து."

டிக்கிப் பக்கம் போனார். கண்ணை மூடிக் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டார். சொருகினார். காலையில் பார்த்த ஞாபகத்தில் லீவரையும் மடக்கினார்.

காருக்குள் தொண்டை அடைத்தது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். வெளியே நீட்டியிருந்த கால்கள் விறைத்துக் கதவை உதைத்தன. மணிமேகலை தட்டைப் போட்டுவிட்டு அலறினாள். மாதவராஜ் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். இருவருமாகக் கலைவாணனை வெளியே இழுத்துப் போட்டு, நெஞ்சை அமுக்கினார்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பாவி மகன் கண்ணைத் திறக்கவே இல்லை.

"என்னங்க பண்ணித் தொலச்சீங்க!"

"வாய மூடு."

ஆம்புலன்சுக்குப் போன் பண்ணிய பிறகுதான், பிளக் இன்னும் தன் கையில் இருப்பதை மாதவராஜ் கவனித்தார். சட்டைப் பையில் திரும்ப வைத்தால், அப்புறம் எப்படி ஷாக் அடித்தது என்று கேட்பார்கள். டிக்கிக்குப் போய் மறுபடி சொருகினார். இந்தத் தடவை நேரம் பார்க்கவில்லை.

தர்மபுரி பெரியாஸ்பத்திரிப் பிணவறை வாசலில் ஏட்டு கேட்டார். "பிளக்கக் கழட்டாமயே கைய வெச்சிருக்கான். தண்ணி கிண்ணி போட்டிருந்தானா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். ஆனால் நிதானத்தில் இருந்தவன் ஏன் பிளக்கோடு கை வைத்தான் என்று அடுத்த கேள்வி வரும். மாதவராஜ் தலையைக் குனிந்துகொண்டார். ஏட்டு புரிந்துகொண்டதாக உச்சுக் கொட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த கலைவாணனின் கால்களைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி வெண்மதி தரையில் உட்கார்ந்திருந்தாள். யார் தூக்கியும் எழவில்லை. ஏட்டு கேட்டது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"அண்ணா," என்றாள். "போன கிறிஸ்மசுக்கு மாதா கோயில்ல வெச்சு, எங்க பாப்பா தலையில கைய வெச்சு, இனிமே தொடமாட்டன்னு சொன்னாருங்க. அதுலேர்ந்து நான் மோந்துகூடப் பாக்கல. அவ்ளோ நம்பிக்கைங்க. காலையிலேர்ந்து கூட இருந்தது நீங்கதான். நீங்க சொல்லுங்க. குடிச்சிருந்தாரா?"

மாதவராஜுக்கு இவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லத்தான் வாயைத் திறந்தார். டீக்கடைப் பக்கமிருந்து ஏட்டு திரும்பி வருவது தெரிந்தது.

"லேசா வாசன வந்துச்சும்மா," என்றார்.

வெண்மதி புருஷனின் முகத்துப் பக்கம் திரும்பினாள்.

"எம்புள்ள தலையிலயா பொய் சத்தியம் பண்ணின?"

கால்களைப் பிடித்திருந்த கைகளை எடுத்துவிட்டாள். புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து, தள்ளிப் போய் நின்றாள்.