இடது கை தூக்கியவள்

பி.எட். படிக்கிறவர்களுக்குள் வழிவழியாக வரும் தந்திரம் அது. எந்த மகராசி கண்டுபிடித்தாளோ, நன்றாக இருக்கட்டும். கேள்வி கேட்டதும் வகுப்பே கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. வலது கையாகப் பார்த்து எழுப்பினால் போதும், தேர்வாளர் அசந்துவிடுவார்.

காரமடைப் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானும் அதைத்தான் சொல்லி வைத்திருந்தேன். அன்று எனக்குச் செய்முறைத் தேர்வு. தேறினால் சரவணம்பட்டிப் பள்ளி ஒன்றில் வேலை, பேசி முடித்தாயிற்று. தேறாவிட்டால் வேலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

தேர்வாளர் சாந்தாமணி அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார் போல.

"பிரேக் போட்டா பஸ்ஸுல இருக்கறவங்க ஏன் முன்னாடி சாயறாங்க?"

அத்தனை கைகளும் எழுந்தன. அப்பாடா! ஒரு வலது கையைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க பொற்கொடி, அந்த ரெட்டைச் சடைப் புள்ளையக் கேளுங்க."

இனியா. இடது கை. அடப்பாவமே, இத்தனை பேரில் இவள்தானா கண்ணில் பட்டாள்!

எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவளிடம் தாவியிருக்கலாம். ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. எனக்கு என்மீதே எரிச்சலாக வந்தது.

"இங்க வா கண்ணு." புத்தகத்தின் மேல் ரப்பரை வைத்தேன். "புஸ்தகந்தான் பஸ்ஸு, ரப்பர் நீயி. மேசை மேல வேகமாத் தள்ளிச் சட்டுனு நிறுத்து."

நிறுத்தினாள். ரப்பர் மட்டும் பறந்து கீழே விழுந்தது. எடுத்துவைத்து, அவளாகவே மறுபடி செய்தாள். மறுபடியும் விழுந்தது.

"பஸ்ஸு நின்னாலும் நம்ம ஒடம்பு போயிட்டே இருக்குதுங்க மிஸ்!"

சந்தோஷத்தில் வகுப்பைப் பார்த்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டேன். எல்லோரும் கை தூக்கினார்கள். இனியா இப்போது வலது கையைத் தூக்கினாள்.

"ஏங்கண்ணு, அப்ப அந்தக் கையத் தூக்குனே, இப்ப இந்தக் கையா?" என்றார் சாந்தாமணி அம்மா.

"தெரியாட்டி இடது கையத் தூக்கோணும்னு மிஸ் சொன்னாங்கங்க. இப்பத் தெரிஞ்சுபோச்சுங்க."

போச்சு. எல்லாம் போச்சு.

அவர் எழுந்து, தூக்கியபடியே இருந்த கைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மணி அடித்தது. யாரும் அசையவில்லை.

"இன்னும் மூணு இடது கை இருக்குது அம்மணி. அதையும் மாத்திப்போடுங்க. அப்பறம் மார்க் போடறேன்."

பாவிப் பிள்ளைகள், கையை இறக்கவே இல்லை. நான் குனிந்து, கீழே கிடந்த ரப்பரை எடுத்தேன்.